கமா போட்ட வம்பு!

– மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பிரிவு



புரோகிராமுக்கு வெளியிலிருந்து மதிப்புக் கொடுப்பதை சி லேப்பில் ஆர்க்-சி, ஆர்க்-வி என்று படித்திருக்கிறோம். ஜப்பானியரான யுகிஹிரோ மட்ஸுமோட்டோ 1995-ல் வெளியிட்ட ரூபி மொழியிலும் ஆர்க்-வி உண்டு. ஒரே வித்தியாசம்: சி-யில் பூஜ்ஜியமாவது இடத்தில் புரோகிராமின் பெயர் உட்கார்ந்திருக்கும், ரூபியில் அங்கேயே முதல் மதிப்பு வந்துவிடும்.

அடிக்கடி செய்யும் வேலைக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை அடித்தாலே ஓடும்படி செய்ய ரூபியில் 'ரேக்' என்ற கருவி இருக்கிறது. ஜிம் வெய்ரிச் எழுதியது. சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் ரூபியை நம்பி எழுந்ததுதான். ஆக, இது நமக்கு எட்டாத சங்கதி இல்லை.

ஹாஸ்டல் மெஸ் கணக்குக்கு நானும் ஒரு ரேக் வேலை எழுதினேன். மாதப் பங்கு, பழைய பாக்கி இரண்டையும் சதுர அடைப்புக்குள் கொடுக்கணும்:

ரேக் பில்[1800,50]

முதல் வம்பு: மொத்தம் 180050 என்று வந்தது! ரூம் முழுக்கச் சிரிப்பு. காரணம், கட்டளை வரியில் நாம் அடிப்பது எல்லாமே எழுத்துச் சரம்தான். சரத்தோடு சரத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். 'டு_ஐ' போட்டு எண்ணாக்கினேன், 1850 வந்தது.

இரண்டாவது வம்பு: கமாவுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டேன். 'அப்படியொரு வேலையே தெரியாது' என்றது ரேக். ரேக்கிடம் போகுமுன்பே ஷெல் இடைவெளியில் வெட்டி இரண்டாக்கி விடுகிறது. இடைவெளி வேண்டுமென்றால் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைக்கணும்.

மூன்றாவதுதான் பெரிய வம்பு. ஒரு சீனியர் கணக்கு முடிக்கும்போது, பழக்க தோஷத்தில் 1,800 என்று கமா போட்டு அடித்தேன். ரேக்குக்குக் கமா என்றால் அடுத்த மதிப்பு! பங்கு 1, பாக்கி 800, மொத்தம் 801. கடைசி 50-ஐ வாங்க ஆளில்லை, சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டது. 180050-ஐப் பார்த்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். 801-ஐ யார் சந்தேகப்படுவார்? சீனியர் அதைக் கட்டிவிட்டு டி.சி.யோடு போயே போய்விட்டார்.

அந்த மாத மெஸ் பிரதிநிதி என் ரூம்மேட், திருவேங்கடத்துக்காரன். "ஏலே, ஆயிரத்து நாப்பத்தொம்போது ரூவா குறையுதுல!" என்றான். அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் அனுப்பிய பணத்தை எடுத்து ஈடுகட்டப் போனான். தடுத்து, நானே கட்டினேன். தப்பு என்னுடையதல்லவா?

பிறகு வேலையைத் திருத்தினேன். இப்போது 'பங்கு=1800 பாக்கி=50' என்று பெயர் சொல்லியே கொடுக்கிறேன்; உள்ளே 'என்வ்' அதை வாங்கிக்கொள்ளும். 'டு_ஐ'யையும் எடுத்துவிட்டேன். அது '1,800'-ஐ மூச்சுவிடாமல் 1 ஆக்கிவிடும். 'இன்டிஜர்' என்று கேட்டால் பிழை சொல்லி அங்கேயே நிறுத்தும். சதுர அடைப்பையே வைத்துக்கொள்பவர்கள், மிஞ்சிய மதிப்புகள் சேரும் 'எக்ஸ்ட்ராஸ்' காலியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, தப்பென்று கத்தும் புரோகிராம் நம் நண்பன். தப்பை விழுங்கிவிட்டு விடை சொல்கிறதே, அதனிடம்தான் ஜாக்கிரதை!