தலைமையகம் செஞ்சிக்கு மாறியபோது

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் பிடித்தவருக்குச் செஞ்சி வருவது வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். கூடைகூடையாகக் கொட்டிவைத்தாற்போல் பாறைகள். அவற்றின் மேல் வளைந்து ஏறும் மதில். தமிழருக்கு இந்தக் கோட்டை என்றதும் தேசிங்கு ராஜன்தான் நினைவுக்கு வருவான். அவன் போர்க்களத்தில் விழுந்தது 1714இல். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பு, அவனைவிடப் பெரிய நெருக்கடியோடு இன்னொரு இளைஞர் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தார். நொடித்துப்போன நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய கதை அவருடையது.

சத்திரபதி சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். 1689 மார்ச்சில் அவருடைய அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபோது ராஜாராமுக்கு வயது 19. தலைநகர் ராய்கட்டை முகலாயப் படை சூழ்ந்திருந்தது. வாரிசான அண்ணன் மகன் ஷாஹுவோ சிறு குழந்தை. எல்லோரும் ஒரே கோட்டைக்குள் அடைந்து கிடந்தால் அரசே ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதைக் கண்டுகொண்டவர் அண்ணி யேசுபாய். மகனோடு தான் அங்கேயே இருந்துகொண்டு, அரசுப் பொறுப்பேற்ற கொழுந்தனாரை வெளியே அனுப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ராய்கட் விழுந்தது; தாயும் மகனும் முகலாயர் கையில் சிக்கினார்கள்.

ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே சென்றார். வழியில் கெளதி ராணி சென்னம்மா பேரரசரின் கோபத்துக்கு அஞ்சாமல் அடைக்கலம் தந்தார். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, 1689 நவம்பரில் செஞ்சி வந்து சேர்ந்தார். இந்தக் கோட்டையை 1677இல் பிஜப்பூரிடமிருந்து பிடித்துப் பலப்படுத்தி வைத்தவர் அவருடைய அப்பா. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதிலுக்குள் குளங்கள் இருந்தன, பெரிய களஞ்சியங்கள் இருந்தன. ராஜகிரியின் உச்சிக்குப் போக, பிளந்து கிடக்கும் பாறையிடுக்கின் மேல் போட்ட சிறு பாலம் ஒன்றைத்தான் கடக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் மேலே ஏற வழியில்லை.

அரசின் தலைமையிடம் செஞ்சியில். அதன் நிலமும் குடிகளும் வீரர்களும் மகாராஷ்டிரத்தில். இடையில் முழுக்க எதிரி. இப்போதுதான் ராஜாராம் தம் ஆட்சியின் மிக முக்கியமான முடிவை எடுத்தார். மகாராஷ்டிரத்தை ராமச்சந்திர பந்த் அமாத்யர் பொறுப்பில் விட்டு, அவருக்கு ‘ஹுகுமத் பனா’ என்ற பட்டத்தையும், ஏறக்குறைய அரசனுக்குள்ள அதிகாரத்தையும் கொடுத்தார். செஞ்சியில் தம் பக்கத்தில் இருந்த பிரஹ்லாத் நிராஜிக்காகப் ‘பிரதிநிதி’ என்ற புதுப் பதவியையே உண்டாக்கினார். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு தளபதிகள், எங்கே எப்போது அடிப்பது என்பதைக் களத்திலேயே தீர்மானித்தார்கள். ஓலை போய்த் திரும்பி வரும்வரை போர் காத்திருக்காது அல்லவா?

1690 செப்டம்பரில் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை வளைத்தார். அடுத்த ஆண்டு பேரரசரின் மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தார். 1692 டிசம்பரில் வடக்கிலிருந்து சந்தாஜியும் தனாஜியும் குதிரைப்படையோடு பாய்ந்து வந்ததும் கதை தலைகீழானது. காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி அலி மர்தான் கான் கைதியாகச் செஞ்சிக்கு வந்தார். பேரரசர் இறந்துவிட்டார் என்ற வதந்தி முகலாயப் பாசறையில் பரவ, இளவரசர் காம் பக்ஷ் ராஜாராமோடு இரகசியமாகப் பேச, அந்த இளவரசரை முகலாயத் தளபதிகளே காவலில் வைத்தார்கள். முற்றுகையிட வந்த சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்.

சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியின் கதையை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1995-96இல் மட்டும் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டப்பட்ட வங்கி அது. 2000இல் தலைவராக வந்த ரஞ்சனா குமார், விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏராளமான ஊழியர்கள் வெளியேறிய காலத்தில், மிச்சமிருந்தவர்களின் நம்பிக்கையைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. அரசு மூலதனம் தந்தது உண்மைதான். ஆனால் வாராக்கடனை வசூலிக்க வேண்டியவர் ஊரில் இருக்கும் கிளை மேலாளர்தானே. 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது.

செஞ்சியில் மூலதனம் தர யாருமில்லை. ராய்கட்டின் கருவூலம் போய்விட்டது. வரி வரும் நிலங்களில் எதிரியின் குதிரைகள் மேய்ந்தன. ராஜாராம் கையிருந்ததை விற்றார். 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தொலைவு வரை உள்ள ஊர்களும் சேர்ந்து கைமாறின. ‘குண்டு கிராமங்கள்’ என்று அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடி என்று இன்றும் அங்கே ஊர் இருக்கிறது. அன்றைய சம்பளத்துக்கு வழி செய்த அந்த விற்பனைக்கு இந்த மண் கொடுத்த விலை அதிகம். 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னையை இழந்த ஆங்கிலேயர், காலூன்றி நின்று தப்பியது, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற இதே கோட்டையில்தான்.

இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. சிவாஜி படைத்தலைவர்களுக்கு ரொக்கச் சம்பளம் கொடுத்தவர். பரம்பரை நிலமானியம் கூடாது என்பது அவர் கொள்கை. ரொக்கம் இல்லாத மகன் அந்தக் கொள்கையைக் கைவிட்டார். பிடிக்கும் நிலத்தை நீங்களே ஆளலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஔரங்கசீப் பக்கம் போயிருந்த பலர் திரும்பி வந்தார்கள். 1691இல் ஹண்மந்தராவ் கோர்படேக்கு எழுதிய ஆவணம் ஒன்று, எந்த நகரைப் பிடித்தால் எவ்வளவு என்று வரிசைப்படுத்தி, கடைசித் தவணையை தில்லியைப் பிடித்த பிறகு என்று வைத்திருக்கிறது. முற்றுகைக்குள் பணமில்லாமல் இருந்தவர் தில்லிக்குத் தேதி குறித்ததைப் படிக்கும்போது மனம் நிமிர்கிறது. ஆனால் அப்படி நிலம் பெற்ற குடும்பங்கள் பின்னாளில் மைய அரசுக்கு அடங்காத தனித்தனி அதிகாரங்களாக வளர்ந்தன. வேறு வழி இருந்ததா? இருந்ததாகத் தெரியவில்லை. அப்பாவின் விதியை உடைக்காமல் இருந்திருந்தால் அந்த விதியைக் காப்பதற்கு அரசே மிஞ்சியிருக்காது.

ராஜாராம் உண்மையில் தோற்றது வேறிடத்தில். சந்தாஜி கண்டிப்பானவர், முன்கோபி. தனாஜி பக்குவமாகப் பேசுபவர். இருவருக்கும் பகை முற்றியபோது, நடுவில் நின்று தீர்த்துவைக்க வேண்டிய அரசர் ஒரு பக்கம் சாய்ந்தார். 1696இல் விருத்தாசலம் அருகே மராட்டியப் படையே இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டது. சந்தாஜி வென்றார், ஆனாலும் சேனாபதிப் பதவி தனாஜிக்குப் போனது. 1697இல் சந்தாஜி கொல்லப்பட்டார். அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கத் தெரிந்தவர், பகிர்ந்து வாங்கியவர்களை ஒன்றாக வைத்திருக்கத் தவறினார். ஒன்பது ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இது.

1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாக நழுவியிருந்தார். சுல்பிகர் கானே கண்டும் காணாமல் விட்டார் என்று அன்றே பேசிக்கொண்டார்கள். கோட்டைக்குள் நுழைந்தவர்களுக்கு ராஜாராமின் குடும்பத்தினர் கிடைத்தார்கள்; தேடி வந்த ஆள் கிடைக்கவில்லை. ராமச்சந்திர பந்த் காத்துக் கொடுத்த நிலத்தில், சாத்தாராவில், அரசின் புதிய தலைமையிடம் 1699இல் இயங்கத் தொடங்கியது.