புதுப் பொட்டி, புது ப்ளேயர், பழைய திஸ்கி

புதுக் கணினி வாங்கினா முதல் சந்தோஷம் எதுல தெரியும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எனக்கு அது பாட்டு லைப்ரரி ஸ்கேன் ஆகிற வேகம். ஆறாயிரம் சொச்சம் எம்பி3 கோப்புகள். பழைய பொட்டியில் ஸ்கேனை ஓடவிட்டு, காபி போட்டுக் குடிச்சிட்டு வரலாம். புதியதில் ஃபோல்டரைக் காட்டிவிட்டு மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் பட்டியல் நிரம்பிவிட்டது.

பிராசஸருக்கு இதில் பங்கு ரொம்பக் கம்மி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர, சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர இன்னொரு 9. ஆக ஒரு தாவலுக்கு 13 மில்லி செகண்ட். பாட்டு விவரம் எம்பி3 கோப்பின் தலையில் ஒன்று (ஐடி3வி2), வாலில் ஒன்று (ஐடி3வி1) என்று இரண்டு இடத்தில் இருக்கலாம். இரண்டையும் பார்த்தால் 6000 கோப்புக்கு 12,000 தாவல், 156 செகண்ட். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் கிடையாது. ஒரு தாவலுக்கு 0.1 மில்லி செகண்ட் என்று வைத்தால் மொத்தமே 1.2 செகண்ட். (பழைய பொட்டியைத் தூக்கிப் போடும் முன் எஸ்எஸ்டி மட்டும் மாற்றிப் பாருங்கள். பாதி சந்தோஷம் அதிலேயே கிடைத்துவிடும்.)

ஆனால் நிரம்பிய பட்டியலைப் பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துக் கூட்டம்! ப்ளேயர் மேல் தப்பில்லை. 2000-களின் தொடக்கத்தில் நம்மில் பலர் பாட்டு விவரங்களைத் திஸ்கியில் தட்டினோம். ஐடி3வி2-வில் ஒவ்வொரு பெயருக்கு முன்னும், இது எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் ஒரு பைட் உண்டு. அங்கே திஸ்கி என்று சொல்ல வழியே கிடையாது. அதனால் அந்தக் கால மென்பொருள்கள் 'ஐரோப்பிய எழுத்து' என்று முத்திரை குத்தி உள்ளே திஸ்கியை வைத்தன. பழைய ப்ளேயரில் திஸ்கி எழுத்துருவைப் போட்டால் தமிழாகத் தெரிந்தது. புது ப்ளேயர் முத்திரையை நம்புகிறது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் எதையும் திருத்தி 'சேமி' அழுத்தாதீர்கள். சில நிரல்கள் தங்களுக்குப் புரியாத பைட்டுகளைக் கேள்விக்குறியாக மாற்றி எழுதிவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுகளுக்கு இது பெரிய இழப்பு. கேசட்டும் அட்டையும் போய்விட்டன, யார் பாடியது என்பதற்கு இந்தச் சில பைட்டுகள்தான் சாட்சி.

முதலில் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுங்கள். பிறகு பைத்தானில் மியூட்டஜென் நூலகத்தை வைத்து விவரத்தைப் படித்து, ஓப்பன்-தமிழ் நூலகத்தின் திஸ்கி மாற்றியில் கொடுத்தால் யூனிகோட் வரும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முன்னால் வைக்கும், யூனிகோட் மெய்க்குப் பின்னால் வைக்கும். செ, தெ, பொ, மொ என்று தொடங்கும் பெயர்களெல்லாம் அந்நாளில் அகர வரிசைக்கு வெளியே தனிக் கும்பலாக நின்றதற்கும் இதுதான் காரணம்.

திரும்ப எழுதும்போது ஐடி3வி2-வில் மட்டும் எழுதுங்கள். ஐடி3வி1-இல் ஒரு பெயருக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-இல் மெய், கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'வாணி ஜெயராம்' 34 பைட். 'வாணி ஜெயரா' வரை வந்து, அடுத்த எழுத்து பாதியில் அறுந்து நிற்கும்.

ஸ்கிரிப்ட் ஓடி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது தேடல் பெட்டியில் 'வாணி' என்று தமிழில் தட்டினால், தட்டத் தட்டப் பட்டியல் சுருங்கி அவர் பாட்டுகள் மட்டும் வந்து நிற்கின்றன.