மானிட்டரில் கீறல் விழாமல் தூசி துடைப்பது எப்படி?

தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைத்தால் பெயிண்டில் மெல்லிய கோடுகள் விழும். தூசியில் கலந்திருக்கும் நுண்ணிய மணல் துகள்கள்தான் காரணம். உங்கள் மானிட்டருக்கும் இதே ஆபத்து உண்டு. மணலின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடிக்கே சுமார் 5.5தான். பழைய சி.ஆர்.டி. மானிட்டரின் முகப்பு கண்ணாடி. இன்றைய எல்.சி.டி. மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் மேல்பரப்பு மென்மையான பிளாஸ்டிக் படலம். அதில் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். சரிசெய்யப் பேனலையே மாற்ற வேண்டும்.

எனவே முதலில் தூசியை நீக்குங்கள், பிறகு துடையுங்கள். நான் பின்பற்றும் வழி இது:

1. மானிட்டரை ஆஃப் செய்து பவர் கேபிளைக் கழற்றுங்கள். கறுப்புத் திரையில் தூசி நன்றாகத் தெரியும்.

2. கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் புளோயரால் காற்றடித்துத் தூசியை அகற்றுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

3. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள்.

4. விரல் கறை போகவில்லையா? டிஸ்டில்டு வாட்டரில் துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். திரை மீது நேரடியாகத் தெளிக்காதீர்கள். நீர் வழிந்து கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

5. ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே மானிட்டரை ஆன் செய்யுங்கள்.

டிஷ்யூ பேப்பர், செய்தித்தாள், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகியவை வேண்டவே வேண்டாம். துணி தரையில் விழுந்துவிட்டால் துவைத்துக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். கீறல் விழ, அதில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும்.