கொன்றையும் அதன் இனங்களும்

'கொன்றை வேந்தன்' என்னும் ஔவையாரின் நீதிநூற் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகள் இளமையிலேயே கேட்டுவிடுகின்றனர். கொன்றை மாலை சூடிய சிவபெருமானையே அப்பெயர் குறிக்கின்றது. சங்கப் புலவர்க்கோ கொன்றை முல்லை நிலத்து மலர். கார்காலத்தின் வரவை உணர்த்துவது. ஆயினும், அம்மரம் யாதெனக் கேட்டால், வீதியோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஏதேனும் ஒன்றைச் சுட்டுவோரே பலர். நிறத்தை மட்டும் நம்புவதால் நேரும் மயக்கம் இது.

இலக்கியமும் வைத்தியமும் போற்றுவது சரக்கொன்றையாகும். சிங்கள மக்கள் இதனை 'எஹெல' என்பர். இலங்கையின் வறண்ட வலயக் காடுகளில் இது இயல்பாக வளர்கின்றது. இதன் கூட்டிலையில் மூன்று முதல் எட்டுச் சோடி வரையான அகன்ற சீறிலைகள் உண்டு. பூங்கொத்து ஓரடி நீளத்துக்குச் சரம்போலக் கீழ்நோக்கித் தொங்கும். பெயரின் காரணமும் அதுவே. பூவினுள்ளே பத்துக் கேசரங்கள் இருக்கும். அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு வளைந்து, ஏனையவற்றுக்கு வெளியே நீட்டிநிற்கும். காய் உருண்டு, ஒன்று முதல் இரண்டு அடி வரை நீண்டு, முற்றியதும் கருமையாகும். உள்ளே குறுக்குச் சுவர்களுக்கிடையே விதைகளும், மலமிளக்கியாகப் பயன்படும் கரிய சதையும் உள்ளன. இச்சதையே கொன்றைப்புளி.

இதன் நெருங்கிய உறவு செங்கொன்றை. சிங்களத்தில் 'ரத்து வா' எனப்படும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரிய இம்மரம் இளஞ்சிவப்பு நிறத்திற் பூப்பதால், பலர் இதனைப் பிறநாட்டு அலங்கார மரமென்றே எண்ணிவிடுகின்றனர். சீறிலைகள் சிறியவை, பத்து முதல் இருபது சோடி வரை நெருங்கியிருக்கும். பூக்கள் தாழ்ந்து பரந்த கிளைகளின் நெடுகிலும் சிறு கொத்துகளாக மலரும். மூன்று வளைந்த கேசரங்களும் உருண்ட காயும் இதற்கும் உண்டு.

மயக்கத்தை மிகுவிப்பது மஞ்சட்கொன்றை. சில இடங்களில் இதனை வாகையென்றும் வழங்குவர். உண்மை வாகை வேறு. மஞ்சட்கொன்றையின் பூங்கொத்து தொங்காது. கிளைநுனியில் நிமிர்ந்து நிற்கும். காயும் உருண்டதன்று, தட்டையானது. ஆதலால் அதிற் கொன்றைப்புளியைத் தேடுதல் வீண். இதன் இலையும் காயும் பன்றிகளுக்கு நஞ்சாகும். ஆவரசோ மரமன்று, செடி. இலைக்காம்பின் அடியிற் காதுபோன்ற இலையடிச் செதில்கள் அதனைக் காட்டிக் கொடுக்கும்.

இவை யாவும் முன்னர் ஒரே சாதிப் பெயரால் வழங்கின. 1982ஆம் ஆண்டில் இர்வின், பார்னபி என்னும் தாவரவியலறிஞர் இருவர் அப்பெருஞ் சாதியை மூன்றாகப் பிரித்தனர். வளைந்த கேசரமுடைய சரக்கொன்றையும் செங்கொன்றையும் 'கசியா' என்றே நிலைத்தன. மஞ்சட்கொன்றையும் ஆவரசும் 'சென்னா' ஆயின.

ஆகவே, கோயில் நந்தவனத்திலோ வீட்டு வளவிலோ கொன்றை நட விரும்புவோர் பூவின் நிறத்தோடு அமையாது, காயையும் நோக்குதல் வேண்டும். உருண்ட கரிய நெடுங்காயிலிருந்து எடுத்த விதையே வேண்டுவது. அதன் தோல் மிகக் கடினமானது; சற்றுத் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைத்தால் விரைவில் முளைக்கும். செங்கொன்றைக்கும் அருகில் ஓரிடம் அளித்தல் தகும். அதுவும் இம்மண்ணின் மரமே.