பென்ஷன், போளி, ஒரு பிடி சாதம்

புனேயில் ஓய்வுபெற்ற தமிழர்களுக்கு நேரம் நிறைய. சமைக்கத்தான் ஆள் குறைந்துகொண்டு வருகிறது.

காலை ஐந்தரை மணி. கதவில் தொங்கும் பையில் பால் பாக்கெட் விழும் சத்தம்தான் பல வீடுகளில் அலாரம். காபி முடிந்ததும் பர்வதி மலைக்கோ, ஹனுமான் டெக்டிக்கோ நடை. திரும்பி வரும்போதே மனதில் ஓடும் கேள்வி: இன்று என்ன சமையல்?

'பென்ஷன்காரர்களின் சொர்க்கம்' என்பது புனேயின் பழைய பட்டம். இதமான பருவநிலை அதற்கு ஒரு காரணம். ஆனால் தமிழர்களை இங்கே கொண்டுவந்தது உத்தியோகம். ராணுவத்தின் தென் பிராந்தியத் தலைமையகம், கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, பாதுகாப்புக் கணக்குத் துறை, 1928ல் சிம்லாவிலிருந்து இடம்பெயர்ந்த வானிலைத் துறை, 1950ல் திறக்கப்பட்ட தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் என்று வந்தவர்கள் பலர். ஊர் திரும்பலாம் என்று நினைத்திருந்தவர்கள்தான். அதற்குள் பூர்வீக வீடு பாகப்பிரிவினையில் போயிற்று. பிள்ளைகள் மராத்தி பேசி வளர்ந்துவிட்டார்கள்.

நாக்கும் பாதி மராத்தியாகிவிட்டது. காலையில் வேர்க்கடலை போட்ட அவல், விரத நாளில் ஜவ்வரிசி கிச்சடி. தமிழ்நாட்டில் போளி என்றால் இனிப்பு. இங்கே அது தினசரி சப்பாத்தி. மாறாதது மத்தியானச் சாதமும் ரசமும்தான். வீட்டில் முடியாத நாளில் ராஸ்தா பேட் பக்கத்துத் தென்னிந்திய மெஸ் இருக்கிறது. சாப்பிட்டபின் தூக்கம். இந்த விஷயத்தில் ஊரே கூட்டாளி. புகழ்பெற்ற சிதளே மிட்டாய்க் கடையே மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பூட்டிக்கிடந்தது. 2017ல்தான் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

இந்த ஒழுங்கெல்லாம் வீட்டில் இருவர் இருக்கும்வரைதான். மனைவி போனபின் தனித்து நிற்கும் ஆண்களில் பலர், அதுவரை அடுப்பே பற்ற வைக்காதவர்கள். தனித்து விடப்படும் பெண்களின் கதை வேறு. ஐம்பது வருடம் சமைத்த கைக்கு ஒருவருக்காகச் சமைக்க மனம் வருவதில்லை. ஒருநாள் வைத்த ரசம் மூன்று நாள் ஓடும். இரவுக்கு ரொட்டியும் பாலும். வயதானால் பசியும் தாகமும் மந்தமாகும். புரதம் குறைந்தால் தசை கரையும், விழுந்தால் எழுவது கடினம். 'எனக்குப் பசியில்லை' என்பதை டாக்டர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

புனே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தெருவுக்குத் தெரு 'போளி-பாஜி' கடைகள். இரண்டு சப்பாத்தி, ஒரு காய் என்று அளவாக வாங்கலாம். வீட்டுக்கே வரும் டப்பாவும் உண்டு. வெட்கத்தோடு ஆரம்பிப்பவர்கள், ஒரு மாதத்தில் காயில் உப்பு போதவில்லை என்று உரிமையோடு புகார் சொல்கிறார்கள்.

ஆனால் டப்பாவுக்குப் பணம் வேண்டும். அரசு ஓய்வூதியம் அகவிலைப்படியோடு உயர்கிறது. தனியார் ஆலைகளில் உழைத்தவர்களுக்கான 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் அப்படியில்லை. அதில் குறைந்தபட்ச மாத ஓய்வூதியம் 2014ல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 33 ரூபாய். இதில் மூன்று வேளைச் சாப்பாடு எங்கே?

மாலையில் பூங்காவில் 'கட்டா' கூடுகிறது. மூத்த குடிமக்கள் திண்ணையாக மாற்றிக்கொண்ட சிமெண்ட் பெஞ்சுகள். வங்கி வட்டி, சர்க்கரை அளவு, நவம்பரில் தரவேண்டிய உயிர்வாழ் சான்றிதழ் எல்லாம் அலசப்படும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர்கள் வீடு தேடிப் போவதும் உண்டு. பென்ஷனில் சேராத பாதுகாப்பு இது.

இரவு எட்டு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன். சாப்பிட்டாச்சா என்று மகன் கேட்கிறான். ஆச்சு என்கிறார் அப்பா. என்ன சாப்பிட்டார் என்று அவன் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.