செவலைக்கு ஒத்த குளிர்

சக்கரம் போட்ட வீடு - 7

போன வாரத்தோடு வண்டி வேலை முடிந்தது. பழைய ஆம்னி, பின் சீட்டுகளை மடக்கி மேலே ஒரு பலகை, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. ஒரு போல்ட்டுகூட அடிக்கவில்லை. கம்பெனி தயாரித்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஆர்.சி. புத்தகத்தோடு வம்பு வளர்க்க எனக்குத் தெம்பில்லை. பலகையைத் தூக்கி வெளியே வைத்தால் வண்டி பழைய வண்டி.

இந்த வாரம், எங்கே போவது என்கிற சண்டை.

மார்கழிக் காலை, ஆறரை மணி. ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். யானைமலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. டீ மாஸ்டர் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற அம்மா ஒருத்தி சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துக் கட்டியிருந்தாள். வண்டிக்கென்று வாங்கிய தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். 20 டிகிரி.

"கொடைக்கானல்தான் மாமா. குளிர்காலத்துல வேற எங்க போவாக?" என்றான் மச்சான்.

என் காலடியில் எங்கள் நாய் செவலை சுருண்டு படுத்திருந்தான். மூக்கு வாலுக்கடியில் இருந்தது. முதுகில் லேசாக ஒரு நடுக்கம் ஓடி ஓடி நின்றது. எனக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. மச்சானுக்குப் புரியவைக்கத்தான் பத்து நாளானது.

இங்கிலாந்தில் குளிர்காலத்து வண்டிப் பயணத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வடக்கே ஸ்காட்லாந்து மலைகளை விட்டுவிட்டு, தென்மேற்கு மூலையில் கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் இறங்குவார்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுப் போவதால் அங்கே உறைபனி குறைவு. டெவனில் டார்கி என்கிற ஊரில் கடலோரம் பனைவகை மரங்களைக்கூட வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த 'இதமான' இடத்தில் ஜனவரிப் பகல் எவ்வளவு தெரியுமா? 8, 9 டிகிரி. கொடைக்கானலில் நம் ஆட்கள் ரெண்டு கம்பளிக்குள் பல்லைக் கிட்டிக்கொண்டு படுத்திருக்கும் ராத்திரி அது.

அவர்களுக்கு இன்னொரு வசதி. கோடையில் அங்கே பல கடற்கரைகளில் நாய்க்குத் தடை; பெரும்பாலும் மே தொடங்கி செப்டம்பர் வரை. குளிர்காலம் வந்தால் தடை நீங்கிவிடும். மனிதன் குளிக்கப் பயப்படும் மாதங்களில் கரை முழுவதும் நாய்களுக்கு. ஆகவே நாய் வைத்திருப்பவன் குளிர்காலத்துக்காகக் காத்திருக்கிறான்.

நாயோடு வண்டிப் பயணம் போகும் வழக்கத்துக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்காட்லாந்து டாக்டர். சிறுவர்களுக்குச் சாகசக் கதைகளும், நாய் வளர்ப்பு நூல்களும் எழுதிப் பிழைத்தவர். 1885-இல் பிரிஸ்டலில் ரயில் பெட்டி கட்டுகிறவர்களிடம் சொல்லி, 'வாண்டரர்' என்று ஒரு வீட்டு வண்டி செய்துகொண்டார். உல்லாசத்துக்கென்றே கட்டிய முதல் கேரவன் அதுதான் என்பார்கள். இரண்டு குதிரைகள் இழுத்தன. டாக்டர், ஒரு வேலையாள், ஒரு வண்டிக்காரர், ஒரு கிளி, அப்புறம் 'ஹரிகேன் பாப்' என்கிற நியூஃபவுண்ட்லேண்ட் நாய். கன்றுக்குட்டி அளவு இருக்கும், உடம்பெல்லாம் சடை. இந்தக் கூட்டம் லண்டனுக்கு மேற்கே இருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் போனது. கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டு உட்காரும் வண்டி என்று மட்டும் தெரிந்த நமக்கு, அதன் முதல் பயணத்திலேயே ஒரு நாய் இருந்தது என்பது செய்திதான்.

ஆனால் டாக்டர் ஒரு சூட்சுமம் தெரிந்தவர். சடை நாயோடு போகிறவர், வடக்கே குளிர்ந்த சீமைக்குப் போனார்; அதுவும் கோடையில். எங்கள் செவலைக்குச் சடை கிடையாது. ரோமமே பேருக்குத்தான். ஒத்தக்கடைச் சாக்கடையோரம் குட்டியாகக் கிடந்தவன், நாட்டு நாய். கால்நடை மருத்துவர் மேசையில் ஏற்றி விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையே சார். இவனை மலைக்குக் கூட்டிப்போய் என்ன பண்ணப் போறீங்க?"

நம் பக்கத்து நாய்கள் எல்லாமே வெயிலுக்குச் செய்தவை. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கரிசல் காட்டில் முயல் விரட்டியவை. ஒட்டிய வயிறு, பட்டுப்போன்ற குட்டை ரோமம். ராஜபாளையம் வெள்ளைவெளேர் என்று இருக்கும், மூக்கு ரோஜா நிறம். 2005-இல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதுவும் ஒன்று. இதில் எதைக் கொண்டுபோய்ப் பனி விழும் புல்வெளியில் நிறுத்தினாலும் நடுங்கத்தான் செய்யும். ஸ்வெட்டர் போடலாம் என்பார்கள். போட்டுப் பார்த்தோம். குழந்தை ஸ்வெட்டர் ஒன்றின் கையை வெட்டி மாட்டிவிட்டோம். அரைமணி நேரத்தில் அதை உரித்து, அதன்மேலேயே படுத்துக்கொண்டான்.

கொடைக்கானலைத் தள்ள இன்னும் காரணங்கள் இருந்தன. 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்கவேண்டும். அது பெரிய காரியமில்லை. அறைதான் கிடைக்காது. மூன்று வருடம் முன்பு ஒரு மலையூரில், போனில் "நாய்தானே, கூட்டிட்டு வாங்க" என்று சொன்ன விடுதிக்காரர், வாசலில் செவலையைப் பார்த்ததும் முகம் மாறினார். "இந்த நாயா? நான் சின்ன நாயின்னு நெனச்சேன் சார். ஜாதி நாய்." பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அந்த ராத்திரியைக் காருக்குள் கழித்தோம். இந்த ஆம்னி வாங்கும் யோசனையே அன்றைக்குத்தான் பிறந்தது.

அடுத்து கடற்கரை. இது என் மனைவியின் கட்சி. "ராமேசுரம் போவோம்ங்க, இல்லேன்னா திருச்செந்தூர். குளிரும் இருக்காது, சூடும் இருக்காது." கார்ன்வால் கணக்குப்படி அவள் சொன்னது சரி. நம் கணக்கில் ஒன்று இடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை. நமக்கு டிசம்பர் என்பது கடல் பொல்லாத மாதம். தனுஷ்கோடியைப் புயல் தின்றது 1964 டிசம்பரில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. ஒரு ஆம்னி எம்மாத்திரம்? சரி, பொங்கல் கழித்துப் போகலாம் என்றால் மழை விட்டிருக்கும். ஆனால் மீன் இறங்கும் கரையில் கரைநாய்கள் ஒரு படையே இருக்கும். அவற்றின் எல்லைக்குள் ஒரு வெளியூர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பதைவிட, ஜல்லிக்கட்டு வாடிவாசலில் நிற்பது பாதுகாப்பு.

ஆக மலை உச்சியும் இல்லை, கடலும் இல்லை. மிச்சமிருந்தது மலையடிவாரம். கம்பம் பள்ளத்தாக்கு.

இதைச் சொன்னது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, அங்கே பெரியம்மா மகனுக்குக் கோம்பைப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பு இருந்தால் நிழல் உண்டு, மோட்டார் உண்டு, தண்ணீர் உண்டு, யாரும் ஜாதி கேட்கமாட்டார்கள், நாய்க்காவது. தை மாதம் அங்கே ராத்திரி ஒரு போர்வைக் குளிர்தான், பகலில் நடக்கலாம். இரண்டு பக்கமும் மலைச்சுவர். கோம்பை என்ற பெயரில் ஒரு நாய் இனமே உண்டு. செம்மண் நிறம், கரிய வாய், பாளையக்காரர் காலத்திலிருந்து காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்தது என்பார்கள். நாய் பிழைக்கத் தோதான மண் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பொங்கல் கூட்டம் வடிந்து, தைப்பூசத்துக்குப் பழனி நடைக்காரர்கள் ரோட்டை நிறைக்கும் முன், நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் கிளம்பினோம். மாட்டுத்தாவணி, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி. ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரையில் அது தண்டனை; தையில் அது அடுப்பு. நாய்க்கு மட்டும் அந்தத் தகரம் ஆகாது. நாய்க்கு வேர்வை பாதத்தில்தான், மற்றதெல்லாம் மூச்சிரைத்து ஆற்றவேண்டும். அதனால் செவலைக்குப் பின்னால் பலகைமேல் இடம், ஜன்னல் நாலு விரல் திறப்பு. வண்டியைப் பூட்டி நாயை உள்ளே விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 24 டிகிரி இதமான காலையில்கூட மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் 34 ஆகிவிடும். நாங்கள் ஆளுக்கொரு முறையாக இறங்கிச் சாப்பிட்டோம்.

கட்டுச்சோற்றில்தான் சறுக்கல். என் மனைவி வழக்கம்போலப் புளிசாதம் கட்டியிருந்தாள். சின்னமனூர் தாண்டி ஒரு புளியமர நிழலில் நிறுத்தி (பொருத்தம் பாருங்கள்) பொட்டலத்தைப் பிரித்தபோது, செவலை முன்னங்காலை என் தொடைமேல் வைத்தான். ஒரு கவளம் உருட்டிவிட்டேன். அப்போதுதான் கால்நடை மருத்துவர் சொன்னது ஞாபகம் வந்தது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று 2021-இல் அமெரிக்காவில் கால்நடை நஞ்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியில் தாராளமாக இருக்கிறது. கவளத்தை நானே விழுங்கினேன். செவலைக்குத் தயிர்சாதம் கிடைத்தது, உப்பில்லாமல். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

புளியாவது பொட்டலத்தில் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை தலைக்குமேல் தொங்குகிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டிருப்பார்கள். அடியில் நிழல், ஈரம், உதிர்ந்த கறுப்புப் பழங்கள். நாய் படுக்கச் சொர்க்கம் போலத் தெரிகிற அந்த இடம்தான் இந்தப் பயணத்தில் அவனுக்கு மிக ஆபத்தான இடம். பழம் ஒருபக்கம், பந்தலுக்கு அடிக்கிற மருந்து இன்னொரு பக்கம். இத்தனை யோசித்து, இத்தனை ஊரைத் தள்ளி, கடைசியில் நாய்க்கு ஆகாத பழத்தின் தலைநகருக்கு வந்து சேர்ந்திருந்தேன். மூன்று நாளும் பந்தல் பக்கமே போகவில்லை. அரை முழக் கயிறு, வாய்க்கால் கரை நடை, அவ்வளவுதான்.

தோப்பில் அண்ணனின் கோம்பை கட்டிப்போட்டிருந்தது. "நேரா உள்ள கூட்டிட்டு வராதப்பா. நான் அவனை வெளியே கொண்டாறேன்" என்றார் அண்ணன். ரோட்டில் வைத்து, நடுவில் பத்தடி இடைவெளி விட்டு, இரண்டையும் ஒரே திசையில் நடத்தினோம். அரை கிலோமீட்டர் போனதும் உறுமல் நின்றது. திரும்பி வரும்போது இரண்டும் ஒரே புதரை மோந்தன. அதன்பிறகுதான் தோப்புக்குள் வண்டி நுழைந்தது.

முதல் ராத்திரி அதிகாலை நாலு மணிக்குத் தெர்மாமீட்டர் 18 காட்டியது. தென்னை மட்டையிலிருந்து பனி சொட்டி வண்டிக் கூரையில் டொக் டொக் என்று விழுந்தது. ஏதோ பெரிய உருவம் நிற்பதுபோல் இருந்தது. 2023-இல் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்கே வந்துபோன கதையை அண்ணன் படுக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லியிருந்தார். டார்ச் அடித்தால் வைக்கோல் படப்பு. செவலை எழுந்திருக்கவே இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் நீளவாக்கில் கிடந்தான். நடுக்கம் இல்லை. ஒத்தக்கடை டீக்கடையில் 20 டிகிரிக்கு நடுங்கியவன், இங்கே 18-இல் குறட்டை விடுகிறான். ஈரத் தரையும் காற்றும் இல்லை, இரண்டு பக்கமும் மனுஷச் சூடு.

சுருளி அருவியும் மேகமலையும் பக்கத்தில்தான். இரண்டையும் விட்டுவிட்டோம், அது புலிகள் காப்பகம், அங்கே நாய்க்கு வேலையில்லை. கடைசி நாள் லோயர் கேம்ப் போனோம். பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013-இல் திறந்த மணிமண்டபத்தைப் பார்க்க நானும் மனைவியும் மாற்றி மாற்றி உள்ளே போனோம், ஒருவர் வெளியே நாயோடு. பொங்கலை ஒட்டி வருகிற அவர் பிறந்தநாளுக்குப் போட்டிருந்த மாலை வாடியிருந்தது. கேம்பர்லியில் 1911-இல் இறந்த வெள்ளைக்காரருக்குப் பாலார்பட்டியில் வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறார்கள்.

மலைக்கு அந்தப்பக்கமிருந்து சுரங்கம் வழியாக வந்து, மின்நிலையத்தில் சுற்றிவிட்டு, பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, கள்ளந்திரி வழியாக மேலூர் வரை போகிற தண்ணீர். ஒத்தக்கடைக்காரனுக்கு இது பக்கத்து வீட்டு வாய்க்கால்.

"நமக்கு முன்னாடி ஊருக்குப் போயிருமா?" என்றாள்.

"வைகை அணையில நிப்பாட்டிருவாங்க. நாம முந்திருவோம்."

செவலை கரையோரத்துக் கல் ஒன்றை மோந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கப் போனான். நம்ம ஊருக்குப் போற தண்ணிடா என்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.