உத்தியோக நிமித்தம் ஓர் ஆகாயப் பிரயாணம்

மலாயாவின் முதல் ரயில் வண்டி 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, ஏறக்குறைய எட்டு மைல் தூரம், ஓடிற்று என்பதைத் தைப்பிங்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். லாரூட் வட்டாரத்தின் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதற்காக, இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட தொழிலாளர் படையினர் சதுப்பு நிலத்தின் ஊடே போட்ட பாதை அது. நாட்டில் வேறெந்த ஊருக்கும் கிட்டாத அந்த வாகன வசதி முதன்முதலில் வாய்த்த இவ்வூருக்கு இன்று சொந்தமாக விமான சேவை கிடையாது. உலகப் போருக்கு முன்பே இவ்வூரின் தெக்காவில் ஒரு விமானத் திடல் இருந்தது உண்மையே; ஆயினும் இக்காலத்தில் ஆகாய மார்க்கமாகப் போக வேண்டிய தைப்பிங்வாசி, வடக்கே பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசுக்கோ, தெற்கே ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கோ, முதலில் தரை வழியே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிரயாணம் செய்தாக வேண்டும். ஆகாயப் பிரயாணத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதற்கெல்லாம் இந்தத் தரை வழிப் பிரயாணமே அடிப்படை.

இப்படிப் புறப்படுகிறவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். கமுந்திங் தொழிற்பேட்டையின் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர், தலைமையகத்துக்கு ஆண்டுக் கணக்கைக் கொண்டுபோகும் கணக்காளர், ஓர் இயந்திரம் நின்றுபோனதென்று சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்ததும் கருவிப் பையோடு கிளம்பும் டெக்னீஷியன் ஆகிய இத்தகையோர், விடியுமுன் வீட்டை விட்டு இறங்கி, சிக்கன வகுப்பின் நடு இருக்கையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, பகலெல்லாம் உழைத்து, அன்றிரவே திரும்பி வருகிறார்கள். லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும், பிராங்க்பர்ட்டிலிருந்து பாரிசுக்கும் வேலைக்காகப் பறந்து மீளும் ஐரோப்பியர்களின் நாளும் ஏறக்குறைய இப்படித்தான் கழிகிறது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு உள்ள ஆகாய தூரமும் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்த இருக்கை நமக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இடையே வெர்ன்ஸ் நிறுவனம் 1937-இல் விமானம் விட்டபோதும், அதன் பிறகு 1947-இல் மலாயன் ஏர்வேஸ் ஐந்தே பிரயாணிகள் அமரக்கூடிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தோடு சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று தன் சேவையைத் தொடங்கியபோதும், அவற்றில் ஏறியவர்கள் பெரும்பாலும் துரைமார்களும் பெரிய வியாபாரிகளுமே. அக்காலத்தில் நம்மவர்களின் பிரயாணம் வேறு விதமானது. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலின் மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்தபடி கடலைக் கடந்தவர்களும், தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியின் மரப் பலகையில் அமர்ந்து குடிபெயர்ந்தவர்களுமே நம் பாட்டனும் பாட்டியும். அந்த ரயிலை நடத்திய ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் கிராணிமார்களிலும் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் மலிவு வகுப்பு என்ற ஏற்பாடே 1952-இல்தான் அட்லாண்டிக் சமுத்திர மார்க்கத்தில் சுற்றுலா வகுப்பு என்ற பெயரில் தோன்றி, 1958-இல் இன்றைய சிக்கன வகுப்பாக உருக்கொண்டது. மலேசியாவில் அது சாமானியர்களின் கைக்கு எட்டியது, 2001-இல் டோனி பெர்னாண்டஸ், இரண்டே விமானங்களும் சுமார் 40 மில்லியன் வெள்ளிக் கடனும் கொண்டிருந்த ஏர் ஆசியாவை ஒரு வெள்ளி விலைக்கு வாங்கி, அமெரிக்காவின் சவுத்வெஸ்டும் ஐரோப்பாவின் ரயன்ஏரும் காட்டிய வழியில் நடத்தத் தொடங்கிய பின்னரே. பால் மரம் வெட்டிய தாயின் மகன், தோட்ட மானேஜரின் மகனுக்குப் பக்கத்து இருக்கையில் அதே கட்டணத்தில் அமர்கிறான் என்பது சாதாரண விஷயமல்ல. மலிவு விமானத்தின் அசௌகரியங்களைப் பற்றிப் பேசுமுன் அந்த நியாயத்தை மனதார ஒப்புக்கொள்வதே முறை.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை இருக்கையில் அமர்ந்தபடியே கண்டுகொள்ளலாம். ஓர் இருக்கையின் முதுகுக்கும் அதற்கு முன்னால் உள்ள இருக்கையின் முதுகுக்கும் இடையே உள்ள தூரத்தை அங்குலத்தில் அளப்பார்கள். பழைய விமானங்களில் 31, 32 அங்குலமாக இருந்த அது, மலிவு விமானங்களில் 28, 29 அங்குலமாகக் குறுகிவிட்டது. முப்பது வரிசையில் நூற்றெண்பது பேர் அமரும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில், வரிசைக்கு ஓர் அங்குலம் குறைத்தால் முப்பது அங்குலம் மிச்சமாகிறது. அதில் மேலும் ஒரு வரிசை இருக்கைகளையே பொருத்தி, ஒவ்வொரு பிரயாணத்திலும் ஆறு டிக்கெட் அதிகமாக விற்றுவிடலாம். சராசரி உயரமுள்ளவர் முதுகை நன்றாகச் சாய்த்து அமர்ந்தால் முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும். உயரமானவருக்கு அதுவும் இல்லை. முன்னிருக்கையின் முதுகிலிருந்து இறங்கும் சிறு மேஜைமீது மடிக்கணினியைத் திறந்தால் அதன் திரை பாதி சாய்ந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டாலன்றித் தட்டச்சு செய்ய முடிவதில்லை. நடு இருக்கையில் அமர்ந்தவருக்கு இருபுறத்துக் கைப்பிடிகளையும் விட்டுக்கொடுப்பது சில பிரயாணிகளிடம் காணப்படும் அழகான பழக்கம். பினாங்குக்கும் சுபாங்குக்கும் இடையே பறக்கும் ஏ.டி.ஆர். 72 போன்ற விசிறி விமானங்களில் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகளே இருப்பதால், நடு இருக்கை என்ற பிரச்சினையே எழுவதில்லை.

வணிக வகுப்பில் போனால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் ஐரோப்பிய வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே குறுகிய தூர விமானங்கள் பலவற்றில் வணிக வகுப்பு என்பது சிக்கன வகுப்பின் அதே மூன்று இருக்கை வரிசைதான். நடு இருக்கையைக் காலியாக விட்டு, பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, சற்று நல்ல சாப்பாடு கொடுக்கிறார்கள். மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தில் முன்பகுதி நாற்காலிகள் மெய்யாகவே அகலமானவை. எனினும், ஏறி இறங்குவது போகச் சிறிது நேரமே ஆகாயத்தில் நிலைத்துப் பறக்கும் பிரயாணத்தில், அந்த அகலத்தை அனுபவிப்பதற்கு அவகாசம் எங்கே? குறுகிய பிரயாணத்தில் வகுப்பு வேற்றுமை அவ்வளவு பொருட்படுத்தத் தக்கதன்று என்பதே என் திடமான அபிப்பிராயம்.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரமுள்ள மலையின்மேல் இருப்பதற்குச் சமானம். நம் புக்கிட் லாரூட்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம் அது. ஆரோக்கியமானவருக்கு ஒரு மணி நேரத்தில் அதனால் கெடுதல் ஏதும் இல்லை. ஜலதோஷம் பிடித்தவருக்கோ, விமானம் இறங்கும்போது மூக்குக்கும் காதுக்கும் இடையே உள்ள குழாய் திறவாமல் காது அடைத்து வலி எடுக்கும். இறங்கத் தொடங்குமுன்பே மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு அடிக்கடி விழுங்கிக்கொண்டிருப்பது நல்லது.

இருக்கையை விட்டு நாளின் கணக்குக்கு வருவோம். கோலாலம்பூரில் காலை ஒன்பதரை மணிக்குக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணி விமானத்தைப் பிடிக்க ஆறு மணிக்குப் பாயான் லெப்பாசில் இருக்க வேண்டும். அதற்குத் தைப்பிங்கை நாலரைக்கு விட வேண்டும். எழுந்திருப்பது மூன்றே முக்காலுக்கு. எட்டு மணி சுமாருக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கி, நெடுந்தூரம் நடந்து, 57 கிலோமீட்டரைச் சுமார் அரை மணியில் கடக்கும் விரைவு ரயிலில் ஏறி, ஒன்பது மணிக்குச் சென்ட்ரல் நிலையத்தை அடைந்தால் அதிர்ஷ்டம். ஆக நாலரை மணி நேரப் பிரயாணத்தில் ஆகாயத்தில் கழிந்தது ஒரு மணிதான். தைப்பிங் நிலையத்தில் இ.டி.எஸ். மின்சார ரயிலில் ஏறினாலோ மூன்றரை மணி நேரத்தில் அதே சென்ட்ரலில் இறங்கிவிடலாம். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டு மார்க்கங்களில் விமானம் கூடாதென்று பிரான்ஸ் 2023-இல் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவந்து, பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நான்ட், போர்தோ, லியோன் ஆகிய ஊர்களுக்கான சேவைகளை நிறுத்தியது. நமக்குச் சட்டம் தேவையில்லை. ரயில் நேரம் ஒத்துவரும் நாளில் ரயில் டிக்கெட் வாங்கிக்கொள்ளக் காரியாலயம் அனுமதித்தால் போதும். சிங்கப்பூர், கோத்தா கினபாலு போன்ற ஊர்களுக்கு விமானமே தகுந்த வாகனம் என்பதில் ஆட்சேபமில்லை.

திரும்பும் வழியில்தான் மெய்யான ஆபத்து இருக்கிறது. மலிவு விமானம் ஓர் இடத்தில் இறங்கிய இருபத்தைந்து நிமிஷத்தில் மறுபடி கிளம்ப வேண்டும் என்ற கணக்கில் நாள் முழுதும் ஓடுவது. காலையில் பத்து நிமிஷம் தவறினால், அந்தத் தாமதம் ஒவ்வொரு பிரயாணத்திலும் வளர்ந்து இரவு விமானத்தின் தலையில் விடிகிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் விமானத்தைச் சுற்றி வேலை செய்கிறவர்கள் ஒதுங்கிவிட வேண்டும், பெட்டியும் ஏறாது, எண்ணெயும் நிரம்பாது. இத்தகைய இரவில் பிரயாணிக்கு என்ன உரிமை? 2016-ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் விதித்தொகுப்பின்படி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் தொலைபேசி வசதியும் தர வேண்டும். ஐந்து மணியைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் அறையும் வாகனமும் தர வேண்டும். 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரத் தாமதத்தில் பிரயாணத்தைக் கைவிடுகிறவருக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டின் விதி இன்னும் தாராளமானது. விமானக் கம்பெனியின் பொறுப்பால் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே, 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பிரயாணத்துக்கு 250 யூரோ நஷ்ட ஈடு கிடைக்கிறது. இந்த உரிமைகளைக் கேட்டுப் பெறுகிறவர்கள் நம்மில் மிகக் குறைவு. வரிசையில் நின்று களைத்தவர்கள் பேசாமல் வீடு திரும்பவே விரும்புகிறார்கள்.

விமானம் தாமதமின்றி வந்துவிட்டதாகவே கொள்வோம். ஒன்பது மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குப் பினாங்கில் இறங்கி, காரை எடுத்துப் பாலத்தைக் கடந்து, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் புக்கிட் மேரா ஏரிப்பக்கமாக வந்து கமுந்திங் சாவடியில் வெளியேறும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். அதிகாலை மூன்றே முக்காலுக்கு எழுந்த அந்த மனிதர் அப்போது இருபது மணி நேரமாகக் கண் மூடாதவர். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மலேசியாவில் 2020 முதல் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் விதித்துள்ள உச்ச வரம்பு சரியாக அதே அளவு. மது அருந்தியவரை மறித்து நிறுத்தும் போலீஸ்காரருக்கு, காரியாலய வேலைக்காகத் தூக்கத்தை இழந்தவரைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதும் இல்லை. மழை கொட்டும் இரவில், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரிய, ஜன்னலைத் திறந்து முகத்தில் ஈரக் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டிவருகிறவர்களைப் பற்றி எண்ணும்போது, முழங்கால் இடிக்கும் அந்த இருக்கையைக் குறித்துப் புகார் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

செலவுப் படிவத்தில் டிக்கெட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, சாவடிக் கட்டணத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இழந்த உறக்கத்துக்குக் கட்டம் கிடையாது. வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை என்று 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. இப்படியொரு நாள் அதில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடுகிறது. சிக்கன வகுப்பிலேயே அனுப்புங்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு முந்திய விமானமென்றால் முதல் நாள் மாலையே போய் ஓர் அறையில் தங்க அனுமதியுங்கள். இரவு ஒன்பது மணிக்கோ அதற்குப் பிந்தியோ கிளம்பும் விமானமென்றால் பாயான் லெப்பாசிலிருந்து வீட்டு வாசல்வரை வாடகைக் காருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். மறுநாள் அவர் எட்டு மணிக்கு வருகை பதியாமல் பதினொரு மணிக்கு வரலாம் என்பதற்கு, கூடுதலாகச் செலவு ஒரு காசும் இல்லை. மானேஜரின் கையொப்பம் ஒன்று போதும்.